மான்சிக்கின் பதவிப் புருவம்

தன் வீட்டில் இனி யாரும் முகத்தில் கை வைக்கக் கூடாது என்று தோ மான்சிக் சட்டம் போட்டது ஏப்ரல் மாதம், காலைச் சாப்பாட்டின் நடுவில். வாயில் கிம்ச்சி இருந்ததால் சட்டம் பாதிதான் வெளியே வந்தது. மென்று விழுங்கிவிட்டு மறுபடி ஒருமுறை சொன்னார்.

விஷயம் அவர் மனைவி கும்சுனின் புருவம். இரண்டு கண்ணுக்கும் மேலே வில்லாக வளைந்த மெல்லிய கோடு; பச்சை குத்தியது. அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் தேகு நகரமே அந்தக் கோட்டுக்கு அலைந்தது. அப்போது கறுப்பாக இருந்த கோடு வருஷம் ஆக ஆக நீலமாகி, பள்ளிக்கூடப் பேனா கசிந்த நிறத்துக்கு வந்திருந்தது. அதற்குள் ஊர் வளைந்த புருவத்தை விட்டு நேர்ப் புருவத்துக்குப் போய், அதையும் விட்டு, பிறந்தபடி இருப்பதுதான் அழகு என்று வந்து நின்றது. ஊருக்கென்ன, மனசை மாற்றிக்கொண்டால் போதும். குத்திக்கொண்டவள் என்ன செய்வாள்? கும்சுன் வெளியே கிளம்பினால் வெயில் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் போவாள்.

அக்டோபரில் மகள் பொராமின் வருங்கால மாமனார் மாமியாரோடு விருந்து. இரண்டு குடும்பமும் எதிரெதிரே உட்கார்ந்து முதன்முதலாக முகம் பார்க்கிற நாள். அந்த அம்மாள் முன்னால் நீலப் புருவத்தோடு உட்கார வெட்கமாக இருக்கிறது, லேசர் வைத்து அழித்துக்கொள்கிறேன் என்று கும்சுன் கேட்டாள்.

"குத்தறதுக்கு ஒரு தடவை, அழிக்கிறதுக்கு ஒரு தடவையா?" என்றார் மான்சிக். "பெத்தவங்க குடுத்த முகத்தை அப்படியே வச்சுக்கறதுதான் அழகு, பொராம் அம்மா."

"இது எங்கப்பா அம்மா குடுத்ததில்லைங்க. நீங்க குடுத்தது. டிவியில ஒருத்தியைக் காட்டி, உனக்கு மட்டும் ஏன் புருவம் புதர் மாதிரி இருக்குன்னு கேட்டது யாரு?"

மான்சிக்குக்கு ஞாபகம் இல்லை. தனக்கு ஞாபகம் இல்லாதது எதுவும் நடக்கவே இல்லை என்பது அவர் கட்சி. முடியாதென்றால் முடியாது என்றார்.

"சரிங்க" என்றாள் கும்சுன்.

இத்தனை வருஷம் குடித்தனம் செய்த மனுஷன், அவ்வளவு சுலபமாக வந்த ஒரு 'சரி'யைக் கேட்டுக் கொஞ்சமாவது பயந்திருக்க வேண்டாமா? அவர் ஜெயித்த சந்தோஷத்தில் இன்னொரு கிண்ணம் சோறு கேட்டார்.

அதன் பிறகு கும்சுன் செவ்வாய்க்கிழமைதோறும் நீச்சல் வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள். மான்சிக் தடுக்கவில்லை. அவருக்கு வேறு கவலை. குடியிருப்புச் சங்கத் தலைவர் தேர்தலில் போன தடவை மண்ணைக் கவ்வியிருந்தார். நவம்பரில் மறுபடி நிற்கிறார். மற்ற நேரமெல்லாம் டிவியில் பதுக் ஆட்டம். கறுப்புக் காய், வெள்ளைக் காயிலிருந்து கண்ணை எடுக்காமல் கிண்ணத்தை மட்டும் நீட்டுவார். சோறு வந்து விழும்.

விருந்துக்கு இரண்டு நாள் முன்பு, மாடி வீட்டுக்குப் பெண்கள் சாரிசாரியாகப் போவதைப் பார்த்தார். புருவம் குத்தும் மேங் அம்மா வந்திருக்கிறாளாம். கும்சுனும் படியேறுவது தெரிந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று இவரும் பின்னாலேயே ஏறினார்.

உள்ளே பெண்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். புருவத்தில் மரத்துப்போகிற களிம்பு, அதன்மேல் பிளாஸ்டிக் தாள். கும்சுன் மட்டும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் மூலையில் உட்கார்ந்து பேரிக்காய் சீவிக்கொண்டிருந்தாள். மான்சிக்குக்குப் பெருத்த ஏமாற்றம். திரும்பப் போனவரின் முகத்தைப் பார்த்து மேங் அம்மா பெருமூச்சு விட்டாள்.

"என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க. மூக்குல பணம் நிக்குது, காதுல ஆயுசு நிக்குது. புருவத்துலதான் ஜனம் நிக்கலை. அது இப்படிக் கலைஞ்சு கெடந்தா உங்க பின்னால யாரு வருவாங்க?"

படுத்திருந்த பெண்கள் கண்ணைத் திறக்காமலே ஆமாம் போட்டார்கள். மான்சிக்குக்குப் போன தேர்தலின் தோல்வி முழுக்க அந்த நிமிஷத்தில் விளங்கியது.

"அவரை விட்டுடுங்க அக்கா" என்றாள் கும்சுன், பழத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்க வீட்டுல முகத்துல கை வைக்கக் கூடாதுன்னு சட்டம்."

"அது அழகுக்குப் பண்ணினா" என்றார் மான்சிக். "இது பதவிக்கு." சொல்லிவிட்டு வரிசையின் கடைசியில் படுத்துக்கொண்டார்.

எழுந்து கண்ணாடியைப் பார்த்தபோது நெற்றியில் சோறு சுருட்டும் கறுப்புக் கடற்பாசித் தாளை வெட்டி ஒட்டியதுபோல இரண்டு தடித்த பட்டைகள் இருந்தன. ஒரு வாரம் அப்படித்தான் இருக்கும், பிறகு அடங்கிவிடும் என்று மேங் அம்மா அப்போதுதான் சொன்னாள்.

விருந்து நாள் காலையில் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். புருவம் இன்னும் பளபளத்தது. "பொராம் அம்மா!" என்று அலறினார்.

கும்சுன் தொப்பி இல்லாமல் வந்து நின்றாள். மான்சிக் அவளைப் பார்த்தார். நீலக் கோடு இல்லை. அங்கங்கே நரைத்த, மெத்தென்ற சொந்தப் புருவம் இருந்தது.

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமைகள்ல. ஒவ்வொரு தடவையும் சிவந்து வீங்கிப்போய், சாப்பாட்டு மேஜையில நான்தான் உங்களுக்குச் சோறு போட்டேன். நீங்க பாக்கலை."

"வலிச்சுதா?" என்றார் மெதுவாக.

"குத்தினதைவிட அதிகமா." பிறகு அவள் முகம் மலர்ந்தது. "பெத்தவங்க குடுத்த முகம்தான் அழகுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அந்த மேங் அம்மா உனக்குப் பழக்கமா?"

"லேசர் வைக்கிற இடத்துல பழக்கம். அவங்களும் அழிச்சுக்கத்தான் வர்றாங்க." சொல்லிவிட்டு, இனி தனக்கு வேண்டாம் என்று வெயில் தொப்பியை அவர் கையில் கொடுத்தாள்.

உணவகத்துக்கு மான்சிக் அதை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். ஆனால் சம்பந்தி முன்னால் குனிந்து வணங்கும்போது தொப்பியோடு நிற்க முடியுமா? கண்ணை மூடிக்கொண்டு கழற்றினார். யாரும் சிரிக்கவில்லை. கண்ணைத் திறந்தார்.

எதிரே மாப்பிள்ளையின் அப்பாவும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவர் நெற்றியிலும் அதே இரண்டு பட்டைகள். பக்கத்தில் அவர் மனைவி, பிறந்தபடியே இருந்த புருவத்தோடு, கும்சுனைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா மேஜைக்கு மேலாகக் குனிந்து மான்சிக்கின் காதில் கேட்டார்: "சம்பந்தி, நீங்க எந்தத் தேர்தல்ல நிக்கிறீங்க?"