மலையுச்சியில் முதல் கரண்டி

தேஜான்,
செவ்வாய்க்கிழமை காலை

கோஜே கப்பல் கட்டும் தளத்தில் பணிபுரியும் என் அன்பு மாப்பிள்ளை குக் அவர்களுக்கு, மாமனார் ஓக் மான்போக் எழுதிக்கொண்டது.

அங்கே கடற்காற்று குளிர ஆரம்பித்திருக்கும். காதை மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள். இங்கே நான் நலம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவது வழக்கம். இந்தத் தடவை அது வெறும் வழக்கமில்லை, டாக்டரே சொல்லியிருக்கிறார். நேற்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சர்க்கரை இறங்கியிருக்கிறது, எடையும் இறங்கியிருக்கிறது. டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெரியவரே, என்ன செஞ்சீங்களோ அதையே செஞ்சுட்டு வாங்க" என்றார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பேருந்துக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். ஆனால் உங்கள் மனைவி, அதாவது என் மகள் ஹேரான், தன் தீர்ப்பை மாற்ற மாட்டேன் என்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் மலையேறும் சங்கத்துக்குப் போகக் கூடாதாம். உங்கள் மாமியார் காலமான பிறகு எனக்கு வாரத்தில் மிச்சமிருக்கும் ஒரே நாள் அது. மற்ற நாட்களெல்லாம் அதற்குக் காத்திருக்கும் நாட்கள். ஆகவே நியாயத்தை நீங்கள் கேட்டு, அவளிடம் பேச வேண்டும்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். வசந்தத்தில் எடுத்த பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது உங்களுக்குத் தெரியும். அன்றே ஹேரான் என் குளிர்பெட்டிக் கதவில் ஒரு கலோரி அட்டவணையை ஒட்டினாள். நான் அதிகம் பள்ளிக்கூடம் போகாதவன். வாழ்நாளெல்லாம் குளியலறைகளுக்கு ஓடு பதித்தவன். ஆனால் பொட்டலங்களின் பின்பக்கத்தைப் படித்துப் படித்தே கலோரி சாஸ்திரத்தைக் கற்றுக்கொண்டேன். ஒரு கிண்ணம் சோற்றைப் பார்த்தாலே கணக்கைச் சொல்லிவிடுவேன். திங்கள் முதல் சனி வரை பாதிக் கிண்ணம் சோறு, கீரை, சோயாத் தோஃபு, மீன் என்று நான் இருந்ததை எதிர்வீட்டுக்காரர்களே சாட்சி சொல்வார்கள். ஹேரானோ, "ஆறு நாள் சாமியார், ஏழாவது நாள் ராஜாவாப்பா?" என்று கேட்டாள். இலையுதிர் காலப் பரிசோதனையில் இறங்காவிட்டால் மலைப்பயணம் ரத்து என்றாள். அதுவரை ஞாயிறுகளில் சாப்பிடும் ஒவ்வொன்றையும் படமெடுத்துக் கைப்பேசியில் அனுப்ப வேண்டும் என்றும் சொன்னாள். நான் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டால் தவறாதவன் நான்.

முதல் ஞாயிறு வெள்ளரிக்காய், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, முட்டை என்று பையைக் கட்டிக்கொண்டு போனேன். பேருந்து ஊரைத் தாண்டுவதற்கு முன்பே சங்கத் தலைவி தாக் அம்மாள் ஒவ்வொரு இருக்கையாகக் கிம்பாப் சோற்றுச் சுருளும் அரிசிப் பலகாரமும் கொடுத்துக்கொண்டே வந்தார். எனக்கு வேண்டாம் என்றேன். அவர் என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தபோது அது அப்படியே இருந்ததால், "அண்ணே, யார் மேல கோவம்?" என்று பேருந்து முழுக்கக் கேட்கும்படி கேட்டார். கோபமில்லை, கலோரி என்றேன். "அது என்னண்ணே கலோரி, நாம என்ன மலைக்கு உருண்டா போறோம், ஏறித்தானே போறோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

உண்மையான கஷ்டம் கேர்யோங் மலையுச்சியில்தான் வந்தது. பாய்களை விரித்து, அவரவர் வீட்டில் வேகவைத்து எடுத்து வந்த பன்றி இறைச்சி, ஊறவைத்த முட்டைக்கோஸ் கிம்சி, காரக் கணவாய், முள்ளங்கி ஊறுகாய் எல்லாவற்றையும் நடுவில் பரப்பினார்கள். சங்கத்தில் நான்தான் வயதில் மூத்தவன். நான் கரண்டியை எடுக்காமல் யாரும் எடுக்க முடியாது. நானோ என் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு இயற்கைக் காட்சியைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால் ஒரு பேருந்து ஜனமும் கையை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்க்கிறது. வெள்ளரிக்காய் கடித்ததைச் சாப்பிட ஆரம்பித்ததாக அவர்கள் எண்ணவில்லை. இறைச்சி ஆறுகிறது. ஒருவர் வயிறு உறுமியது எனக்கே கேட்டது. சாப்பிடுங்கள், சாப்பிடுங்கள் என்று சொன்னேன். சொல்வதெல்லாம் செல்லாது, மாப்பிள்ளை, கரண்டி நகர வேண்டும். கடைசியில் சங்கத்தின் பொருளாளர், அதற்கு முந்தின மாதம் என்னிடம் ஏதோ வாக்குவாதம் செய்தவர், தன்னால்தான் நான் சாப்பிடாமல் இருக்கிறேன் என்று நினைத்து எல்லோருக்கும் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டார். அந்த வாக்குவாதமே எனக்கு மறந்து போயிருந்தது. ஒரு மனிதனை மலையுச்சியில் மண்டியிட வைத்துவிட்டு வெள்ளரிக்காய் தின்ன என்னால் முடியாது. சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு உபாயம் செய்தேன். பை நிறைய வெள்ளரிக்காய் கொண்டுபோய் ஏறும் வழியிலேயே எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன். கொடுக்கிறவன் கை ஓங்கியிருக்கும், யாரும் என்னை வற்புறுத்த மாட்டார்கள் என்று எண்ணம். நம் ஜனங்களைப் பற்றி இத்தனை வயதுக்குப் பிறகும் நான் அப்படி எண்ணினேன். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்த ஒருவரை நம் ஊரில் காட்டுங்கள். வெள்ளரிக்காய் போன திசையிலிருந்தெல்லாம் வறுத்த கடலை, எள்ளுருண்டை, பேரீச்சை, மொச்சைப் பலகாரம் என்று திரும்பி வந்தன. இறங்கும்போது என் பை ஏறும்போது இருந்ததைவிடக் கனமாக இருந்தது.

அதற்கடுத்த வாரம் இரண்டு கையிலும் மலைக்கோலைப் பிடித்துக்கொண்டேன். கொடுப்பதை இரண்டு கையாலும் வாங்குவதுதான் மரியாதை. இரண்டு கையும் காலியில்லாவிட்டால் வாங்க முடியாதல்லவா. தாக் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு லெட்டூஸ் இலையை விரித்து, இறைச்சி, பூண்டு, மிளகாய் விழுது எல்லாம் வைத்து, குழந்தையின் கைமுட்டி அளவுக்கு மடித்து, "அண்ணே, ஆ காட்டுங்க" என்றார். பேசுவதற்காக வாயைத் திறந்தேன். அவ்வளவுதான், உள்ளே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து யாரோ படம் எடுத்துச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். அதைத்தான் ஹேரான் இந்த வாரம் பார்த்திருக்கிறாள்.

நான் அவளை ஏமாற்றினேனாம். அன்று நான் அனுப்பிய படத்தில் கிழங்கும் முட்டையும் மட்டும்தான் இருந்ததாம். நான் கேட்கிறேன், அவள் அனுப்பச் சொன்னது எதை? என் சாப்பாட்டை. தாக் அம்மாளின் இறைச்சி தாக் அம்மாளின் சாப்பாடு. அது என் வாய்க்குள் வந்தது வேறு விஷயம். இதை அவளிடம் சொன்னேன். "உங்க வாய்க்கு வெளியில நின்னு கணக்குப் போடாதீங்கப்பா" என்றாள். வளர்த்த தகப்பனிடம் பேசுகிற பேச்சா இது? நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் அது பழைய படம், மாப்பிள்ளை. அதற்குப் பிறகு நான் யாரிடமும் கேட்காமல் சொந்தமாக வழி கண்டுபிடித்தேன். வழக்கத்தை எதிர்த்தால் வழக்கம் ஜெயிக்கிறது. அதனால் வழக்கம் என்ன கேட்கிறது என்று உட்கார்ந்து யோசித்தேன். மூத்தவர் முதல் கரண்டியை எடுக்க வேண்டும் என்று கேட்கிறது. இரண்டாவது கரண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆகவே உட்கார்ந்ததும் முதல் ஆளாகக் கரண்டியை எடுப்பேன். இறைச்சியில் ஒரு துண்டு, கிம்சியில் ஒரு வாய், மெதுவாக, எல்லோரும் பார்க்கும்படி, ருசித்துச் சாப்பிட்டு, "பேஷ்" என்பேன். அத்தனை தலையும் பாத்திரத்துக்குள் குனிந்துவிடும். அதற்கப்புறம் என்னை யார் பார்க்கிறார்கள்? நான் என் கிழங்கை உரிப்பேன். ஒரே துண்டு என்றால் அது எத்தனை ருசி தெரியுமா, முன்பெல்லாம் ஒரு தட்டு சாப்பிட்டும் எனக்கு அது தெரிந்ததில்லை. மலையடிவாரக் கடையில் வெங்காயத்தாள் அடையோடு அரிசிக் கள் வரும்போதும் அதே கதை. முதலில் எனக்குத்தான் ஊற்றுவார்கள், மறுக்க மாட்டேன். ஆனால் கோப்பையைக் காலி செய்ய மாட்டேன். பாதி இருக்கிற கோப்பையில் மேலே ஊற்றுவது செத்தவர்களுக்குச் செய்வது, உயிரோடு இருக்கிறவனுக்கு யாரும் செய்ய மாட்டார்கள். மாலை வரை அந்த ஒரே கோப்பையோடு சிரித்துப் பேசிவிட்டு வருகிறேன். கோடை முழுக்க இப்படித்தான். அதன் பலன்தான் டாக்டர் கையில் இருந்த காகிதம்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் ஹேரான், "வீட்ல இருந்திருந்தா இன்னும் இறங்கியிருக்கும்" என்கிறாள். இருக்கலாம். வீட்டில் இருந்திருந்தால் நானும் சேர்ந்து இறங்கியிருப்பேன். இதை அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் சொன்னால் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமையை எனக்கு விட்டுவிடச் சொல்லுங்கள். தனியாகப் போய்த் தனியாக வருகிறேன். காவலும் வேண்டாம், படமும் வேண்டாம். நான் பிடிவாதக்காரன் என்று அவள் சொல்வாள், நம்ப வேண்டாம். அவள் யாரிடமிருந்து கற்றாள் என்பது வேறு பேச்சு.

கப்பல் வேலை விபத்தில்லாமல் நடக்கட்டும். உங்கள் தோள்பட்டை வலி இந்தக் குளிர்காலத்தில் உங்களை விட்டு ஓடட்டும். அங்கே விடுதிச் சாப்பாட்டில் எண்ணெய் அதிகம் என்று கேள்வி, பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். இரண்டு கையையும் உயர்த்தி வாழ்த்துகிறேன்.

உங்கள் மாமனார்,
ஓக் மான்போக்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் ஹேரான் வந்துவிட்டாள். இனி அப்பா வரமாட்டார் என்று சொல்வதற்காகத் தாக் அம்மாளுக்குத் தொலைபேசியில் பேசினாளாம். வெகு நேரம் பேசியிருக்கிறார்கள். முடிவில் அவளே சங்கத்தில் சேர்ந்துவிட்டாள். இந்த ஞாயிறு என் பக்கத்து இருக்கை அவளுக்கு. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள், அவளிடம் எதுவும் பேச வேண்டாம். ஒன்றே ஒன்று மட்டும் பேசுங்கள். புதிதாகச் சேருகிறவள் வெறுங்கையோடு வரக் கூடாது என்று சிவப்புப் பயறு வைத்த அரிசிப் பலகாரம் இரண்டு பெட்டி சொல்லியிருக்கிறாள். ஒரு பெட்டியே ஒரு பேருந்துக்குத் தாராளம். கலோரி என்னம்மா ஆகும் என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "பத்தாமப் போச்சுன்னா நம்ம மானம் என்னப்பா ஆகும்?" என்கிறாள்.