போட்டுவாறன் அண்ணர்

உலகத்திலேயே அதிக தடவை விடைபெற்ற மனிதர் எங்கள் போட்டுவாறன் அண்ணர்தான். விமான நிலையங்கள்கூட அவ்வளவு கையசைப்பைக் கண்டிருக்காது.

வங்கியில் மாற்றலாகித் திருகோணமலைக்கு வந்த நான், வாடகை வீடு கிடைக்கும்வரை உப்புவெளியில் பிலோமினா அக்காவின் விருந்தினர் விடுதியில் தங்கியிருந்தேன். கடலைப் பார்த்த நாலைந்து அறைகள். ஜன்னலைத் திறந்தால் காற்றோடு கருவாட்டு வாசமும் உள்ளே வரும். பக்கத்து அறையில் கனடாவிலிருந்து வந்த அண்ணர். காலையில் மடிப்புக் கலையாத சேட்டோடு பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வருவார்.

“பிலோமினா, போட்டு வாறன். தம்பி, போட்டு வாறன். இனி எப்ப காணுறமோ!”

குச்சவெளி பஸ்ஸில் ஏறுவார். மத்தியானம் சோறு வடிக்கிற நேரம் அதே பெட்டியோடு வாசலில் நிற்பார்.

முதல் தடவை அக்கா கண்கலங்கி, வழிக்குத் தின்ன மீன் கட்லட் சுற்றிக் கொடுத்தார். பிறகு கட்லட் நின்றது. அதன்பிறகு கண்ணீரும் நின்றது. கடைசியில் குசினிக்குள் இருந்து குரல் மட்டும் வரும்: “ஓம் ஓம், சோத்துக்கு வந்திடுங்கோ!”

ஏன் திரும்பினீர்கள் என்று கேட்டால் அண்ணரிடம் காரணத்துக்குப் பஞ்சமில்லை. ஒருநாள் டிரைவர் கொட்டாவி விட்டாராம். இன்னொரு நாள் பஸ்ஸில் சோகப்பாட்டு. “அப்பிடிப் பாட்டைக் கேட்டுக்கொண்டு ஒரு நல்ல காரியத்துக்குப் போகேலுமோ தம்பி?” பிறிதொரு நாள் முன்சீட்டில் ஓர் ஆடு. அது இவரையே பார்த்ததாம்.

ஒருநாள் அக்கா துணிந்து அவருடைய அறையை ஒரு புது ஜோடிக்குக் கொடுத்துவிட்டார். திரும்பிவந்த அண்ணர் என் அறைக்குள் வந்து சேர்ந்தார். பெட்டியைத் திறப்பார், மூடுவார், கட்டிலில் இருப்பார், எழும்புவார். அறைக்குள் அலை அடிப்பதுபோல இருந்தது.

“அண்ணை, ஒரு இடத்தில இருங்கோவன்! குச்சவெளியில அப்பிடி ஆர்தான் இருக்கினம்?”

பெட்டியின் சிப்பை இழுத்த கை நின்றது.

“தங்கச்சி,” என்றார். “அப்பான்ர செத்தவீட்டுக்கு நான் வரேல்லை. அப்ப எனக்கு அங்க விசா சரிவரேல்லை, வெளிக்கிட்டால் திரும்ப விடமாட்டாங்கள். அவள்தான் தனிய நிண்டு எல்லாம் செய்தவள். இனி இந்தப் பக்கம் வராதை எண்டு போனில சொன்னவள். இறக்கக்கண்டிப் பாலம் வரைக்கும் போறன் தம்பி. அதுக்கங்கால கால் இறங்கிப்போடுது.”

அதன்பிறகு ஆட்டைப் பற்றி நான் சிரிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் போனார், திரும்பினார். அன்று பின்னேரம் வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய பெண் நேரே பிலோமினா அக்காவிடம் போனார்.

“குச்சவெளி பஸ்ஸில ஏறி, பாலத்தடியில இறங்கி ஓடுற ஆள் இஞ்சதான் நிக்கிறதோ? கொண்டக்டர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். கனடா ஆள் எண்டவுடன எனக்கு விளங்கீற்றுது.”

என் பக்கத்தில் அண்ணர் இருந்த கதிரை காலியாக இருந்தது. அண்ணர் பின்வாசலால் கடற்கரைக்கு ஓடியிருந்தார். அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களின் வரிசைக்குள் புகுந்து, அவரும் கயிற்றைப் பிடித்துவிட்டார். இஸ்திரி போட்ட சேட்டோடு கயிறிழுத்தவர் அவர் ஒருவர்தான். ஒளிக்கிற லட்சணம்!

தங்கச்சி மணலில் விறுவிறென்று நடந்துபோய் அவருக்குப் பின்னால் நின்றார்.

“அண்ணா.”

அவர் திரும்பவில்லை. “நீதானே வராதை எண்டு சொன்னனீ,” என்றார் கடலைப் பார்த்தபடி.

“ஓம், சொன்னனான். அழுதுகொண்டு சொன்னது உனக்குக் கேக்கேல்லையோ?”

அண்ணரின் தோள் குலுங்கியது. கயிற்றை விட்டால் வலை பிசகும், இரண்டு கையும் அதில், மூக்கோ ஒழுகிக்கொண்டிருந்தது. தங்கச்சி சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டார், சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோலக் கொஞ்சம் முரட்டுத்தனமாக.

“மிச்சத்தை வீட்டில கதைப்பம். முதல் வலையை இழு,” என்று சொல்லி, தானும் கயிற்றைப் பிடித்தார்.

வலையில் மீன் அவ்வளவாக இல்லை. கயிறிழுத்தவர்கள் அண்ணரைத்தான் ஏசினார்கள். அவருக்கு அது காதில் விழவே இல்லை. இருவரும் அன்றே புறப்பட்டுப் போனார்கள்.

மறுநாள் ஞாயிறு. காலை விடுதி அமைதியாக இருந்தது. நான் விரும்பிய அமைதிதான், ஆனாலும் அதற்குள் இருக்க முடியவில்லை. வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போவதாக இருந்தேன். போகவில்லை. குச்சவெளி பஸ்ஸில் ஏறினேன். அண்ணர் சாப்பிட்டாரா என்று தெரிய வேண்டியிருந்தது.