இன்ஃபோ அண்ணன் வாயடைத்த வாரம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கொதிக்கும் இரும்பை அடக்கியவர்கள் உண்டு. இன்ஃபோ அண்ணனின் வாயை அடக்கியவர் எவருமில்லை.

இரும்பாலையில் லாரி எடைமேடைக்கான கம்ப்யூட்டர் புரோகிராம் எங்கள் இருவர் பொறுப்பு. அவர் சீனியர், நான் பயிற்சியாளன். புரோகிராம் தான் செய்வதையெல்லாம் எழுதிவைப்பதற்கு லாக் என்று பெயர். சாதாரணச் செய்தி 'இன்ஃபோ', எச்சரிக்கை 'வார்னிங்', கோளாறு 'எர்ரர்'. அண்ணன் இதை வாழ்க்கைக்கும் நீட்டித்துவிட்டார்.

"இன்ஃபோ: நாஷ்டாவுக்குப் போறேன்."

"வார்னிங்: சாம்பார்ல பருப்பக் காணோம்."

"எர்ரர்: கம்பெனி பஸ்ஸு பூட்ச்சு!"

தாலி கட்டும்போதே "இன்ஃபோ: மொத முடிச்சு வுழுந்துச்சு" என்று அறிவித்தாராம்.

ஒருநாள் எடைமேடை ஆமையாகிவிட்டது. லாரி வரிசை கேட்டைத் தாண்டியது. மேனேஜர் பாய்ந்து வந்தார். "சாயங்காலத்துக்குள்ள சரியாவலன்னா நாளையிலேர்ந்து எடைச்சீட்டக் கையால எழுதிக்கிறோம். தம்பி, நீயும் வராத."

பக்கத்து ஆலையில் மூட்டை தூக்கும் என் அப்பா, மகனுக்குக் கம்ப்யூட்டர் வேலை என்று ஊத்துக்கோட்டை பஸ் கண்டக்டர்வரை சொல்லிவைத்திருந்தார்.

"ண்ணா, புரொஃபைலர் போடலாமா? எதுக்கு எவ்ளோ நேரம் போவுதுன்னு அளந்து காட்டும்."

"இன்னாத்துக்குபா? வயித்துவலின்னு வந்தவன வாயத் தொறந்து கேளு. எடுத்ததும் ஸ்கேனுக்கு அனுப்புவியா? என் லாக்குல எல்லாம் கீது."

இருந்தது. திறக்கத்தான் முடியவில்லை. மலையாய்க் குவிந்திருந்த லாக்கின் கனம் தாங்காமல் கம்ப்யூட்டர் உறைந்துபோனது. வேறு வழியின்றி புரொஃபைலரை ஓட்டினோம்.

எடை பார்க்க ஒரு நொடி. சீட்டு அச்சடிக்கக் கொஞ்சம். மிச்ச நேரமெல்லாம் லாக் எழுதவே போயிருந்தது! ஒவ்வொரு வரிக்கும் முன்னால் 'எழுதப் போகிறேன்', பின்னால் 'எழுதிவிட்டேன்' என்று எழுதவைத்திருந்தார் அண்ணன். பாவம் லாரிகள், அவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தன.

திரையை முறைத்தவர், தொப்பை குலுங்கச் சிரித்தார். "வைத்தியந்தான் நைனா வியாதியே!"

எர்ரர் மட்டும் எழுதினால் போதும் என்று மாற்றினார். லாரிகள் பறந்தன. மேனேஜர் என்னைப் பார்த்து, "நாளைக்கு நேரத்தோட வா" என்றார்.

வந்தேன். ஆனால் அண்ணன் தன் வாயையும் எர்ரருக்கு மாற்றிவிட்டிருந்தார். கோளாறு வந்தால் மட்டுமே திறப்பார். டீ வந்ததை யாரும் சொல்லாததால் ஆறிப்போயிற்று. சாப்பாட்டு நேரம் தாண்டியது. வாரக் கடைசியில் பஸ்ஸும் போய்விட்டது. இருவரும் கேட்டில் நின்றோம்.

"ண்ணா, இதுகூடவா எர்ரர் இல்ல?"

"எர்ரர்தான்பா. சொன்னா உனக்குப் பேஜாரா இருக்குமோன்னு..."

"பேசாம இருக்கிறதுதாண்ணா பேஜாரு. பழையபடி இன்ஃபோவுக்கே வந்துடுங்க."

அண்ணன் முகம் மத்தாப்பாகப் பூத்தது. "இன்ஃபோ: ஷேர் ஆட்டோ வந்துக்கினு கீது. இன்ஃபோ: நிக்குது. வார்னிங்: தம்பி, தலைய இடிச்சிக்காத!"

நான் இறங்கும்வரை நிறுத்தவில்லை. எவ்வளவு நேரம் பேசினார் என்று நானும் அளக்கவில்லை.