தொண்டிப் பொருள்: ஐஸ் கட்டி ஒன்று

எனக்குக் கலியாணம் நடந்ததற்குக் காரணம் ஒரு போலீஸ் கேஸ். அந்தக் கேஸுக்குக் காரணம் கனடா தேசத்து ஐஸ் ஹாக்கிக் குழு ஒன்று. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அன்றைக்கும் நம்பவில்லை, அதனால்தான் இவ்வளவு வம்பும்.

அப்போது நான் பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வயது இருபத்துநாலு. உலகத்தில் எனக்குத் தெரியாதது கொஞ்சம்தான், அதையும் அடுத்த மாதத்துக்குள் படித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். சொந்த ஊருக்குத் திரும்பிப்போன வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் தன் அலமாரியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பிரசங்கப் புத்தகங்களுக்கு நடுவே ஒரு தடிப் புத்தகம் கிடந்தது. ஒரு ஐஸ் ஹாக்கிக் குழுவின் வரலாறு.

ஏதோ ஒரு மில் ஊரில், குளிர்காலத்தில் உறைந்துபோன குளத்தின் மேல் தொழிலாளிகள் விளையாடத் தொடங்குகிறார்கள். மில் முதலாளி கூரை போட்டு, இயந்திரம் வைத்து ஐஸ் தளம் போடுகிறார். விளையாடுகிறவர்களுக்கு மாதச் சம்பளம்! பிறகு அவர் நொடித்துப்போய்க் குழுவையே வேறு ஊருக்கு விற்கிறார். அங்கிருந்து இன்னொருவர் வாங்கி, எல்லை தாண்டி அமெரிக்காவுக்குக் கொண்டுபோகிறார். மூன்று ஊர், மூன்று சட்டை நிறம், ஒரே குழு. நான் அதை நாலு தடவை படித்தேன். (ஐஸை அதுவரை மீன் கூடையில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.)

எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும், கூடாது என்று ஊர் இரண்டுபட்டுக் கிடந்த வருஷங்கள் அவை. தமிழில் பேசினால் ஒரு கூட்டத்துக்குச் சந்தேகம், மலையாளத்தில் பேசினால் மற்றக் கூட்டத்துக்கு. நாங்களோ இரண்டையும் கலந்தே பேசிப் பழகியவர்கள். அதனால் எல்லாருக்கும் எங்கள்மேல் சந்தேகம். பொதுக்கூட்டத்துக்குத் தடை. வேதக்கோயில் மண்டபத்தில் நாலு பேர் கூடினாலும் என்ன விஷயம் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கவேண்டும்.

எங்கள் வாலிபர் சங்கத்துச் செயலாளர் டேனியல் இதற்காகவே என்னிடம் வந்தான்.

"எலே, எல்லையும் வரப்பிடாது, பாஷையும் வரப்பிடாது. அப்பிடி ஒரு காரியம் உண்டா பேசதுக்கு?"

"ஐஸ் ஹாக்கி உண்டு" என்றேன்.

அவன் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஐஸுக்க மேல மனுசன் ஓடுவானா மக்கா? வழுக்கி விழமாட்டானா?" என்று என்னையே சந்தேகமாகப் பார்த்தான். ஆனாலும் எழுதிக் கொடுத்துவிட்டான். ஸ்டேஷன் ஏட்டு அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். வெயிலில் தார் உருகும் ஊரில் ஐஸ் மேல் விளையாட்டைப் பற்றி ஒருவன் ஒரு மணி நேரம் பேசப்போகிறான் என்றால், அவன் வேறு எதையோ மறைக்கிறான் என்பது அவர் தீர்ப்பு.

என் மனசில் இருந்ததோ ஹெப்சி. காரக்கோணத்துப் பெண். எங்கள் கலியாண அறிவிப்பு கோயிலில் முதல் ஞாயிறு வாசித்து முடிந்திருந்தது. இன்னும் இரண்டு ஞாயிறு வாசிக்கவேண்டும். அதற்குள் யாருக்கு ஆட்சேபணை இருந்தாலும் எழுந்து சொல்லலாம். ஊரார் யாரும் சொல்லமாட்டார்கள். எனக்குப் பயம் பெண்ணின் அப்பா ஞானாபரணத்திடம்தான். நிலம் விற்கிற வாங்குகிற ஆதாரப் பத்திரங்களை எழுதுவது அவர் தொழில். எதையும் எழுத்தில் கண்டால்தான் நம்புவார். பெண் பார்க்கப் போன அன்று, "நீரு குடிக்கமாட்டேன்னு சொன்னீரே, அதை எழுதித் தர முடியுமா?" என்று கேட்டவர். (எழுதிக் கொடுத்தேன்.) அவரை அசத்துவதற்காகவே சனிக்கிழமைப் பிரசங்கத்துக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினேன்.

அசத்துவது என்று முடிவான பிறகு வெறும் வாயால் பேசினால் போதுமா? பலா மரக் கிளையில் வளைந்த மட்டை ஒன்று செதுக்கினேன். பந்துக்குப் பதிலாக, பழைய பஸ் டயரில் வட்டமாகக் கறுத்த வில்லை ஒன்று வெட்டினேன். பஸ்ஸிலிருந்து நேரே மண்டபத்துக்குப் போவதாக, அவற்றையும் புத்தகத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலையில் திருவனந்தபுரத்துக்குப் போய் ஐஸ் கம்பெனியில் ஒரு பாளம் வாங்கி, மரத்தூளில் புதைத்து, சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றினேன். மேசையில் ஐஸை வைத்து அதன்மேல் வில்லையை ஒரு தட்டுத் தட்டினால் சபையே வாய்பிளந்துவிடும் என்பது திட்டம்.

பக்கத்தில் காரோட்டு ஊர் மீன்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சாக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"மீனா?"

"இல்லே. ஐஸ் மட்டும்தான்."

"மீன் இல்லாம வெறும் ஐஸ் எதுக்கு?"

நான் ஐஸ் ஹாக்கியின் வரலாற்றைத் தொடங்கினேன். மில் ஊர் வரைக்கும் வந்திருப்பேன், அவள் எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டாள். நெய்யாற்றின்கரை தாண்டும்போது என்னைச் சுற்றி ஒருவரும் இல்லை. சாக்கிலிருந்து ஒழுகிய தண்ணீர் மட்டும் பஸ் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊர் நாற்சந்தியில் ஏட்டு கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தினார். நான் காலையில் திருவனந்தபுரம் போனது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

"சாக்கில் எந்தா?"

"ஐஸ்."

"எந்தினா?"

"பிரசங்கத்துக்கு."

மட்டையையும் புத்தகத்தையும் எடுத்துப் பார்த்தார். கறுத்த வில்லையைக் கண்டதும் மூன்றடி பின்வாங்கி, ஒரு போலீஸ்காரரை விட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னார். பிறகு எல்லாவற்றையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், இன்னின்னதைக் கைப்பற்றினோம் என்று மஹஸர் எழுத உட்கார்ந்தார். மஹஸருக்கு உள்ளூர்ச் சாட்சி இரண்டு பேர் வேண்டும். டீக்கடைக்காரர் ஒருவர் அகப்பட்டார். அடுத்த ஆளைத் தேடி வாசலுக்குப் போன போலீஸ்காரர், குடை பிடித்தபடி என் பிரசங்கத்துக்கு வந்துகொண்டிருந்த ஞானாபரணத்தை அழைத்துக்கொண்டு வந்தார்.

அவர் என்னைப் பார்த்தார். மட்டையைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார்.

"இயாளை அறியுமோ?" என்று ஏட்டு கேட்டார்.

"எனக்கும் இந்த ஆளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்றார் ஞானாபரணம். அதோடு விட்டாரா? "அதையும் எழுதணும் ஏட்டே" என்று பக்கத்தில் நின்று எழுதவைத்தார்.

நான் மூலைக்கு ஒதுங்கினேன். ஆனால் அவருக்குத் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. ஏட்டு எழுதியிருந்ததைக் கையில் வாங்கிப் படித்தார்.

"'ஈரச் சாக்கு ஒன்று.' இது எப்பிடிச் செரியாவும்? உள்ளே இருக்குத பொருளுக்க நீளம் அகலம் கனம் வேண்டாமா? நாளைக்கு கோர்ட்டில வக்கீல் கேட்டா எவன் பதில் சொல்லுவான்?"

பையிலிருந்து அடிக்கோலை எடுத்து அவரே அளந்தார். நீளம் இரண்டடி ஓரங்குலம். அகலமும் கனமும் அளந்து, நாலு பக்கமும் எது எது இருந்தது என்று எழுதி, படித்துக் காட்டி, ஒப்புநோக்கத் திரும்ப அளந்தபோது நீளம் ஒன்றே முக்காலடி.

"ஏட்டே, இதில ஆரோ கை வச்சிருக்கு" என்றார் ஞானாபரணம்.

"ஆரும் தொட்டில்லா!"

அடித்துத் திருத்தி, திருத்தத்துக்கு ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, மறுபடி அளந்தால் ஒன்றரையடி. அவர் என்னை முறைத்தார். நான் ஐஸையே தொடாமல் மூலையில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டாவது திருத்தத்தோடு ஏட்டு பேனாவை வாங்கிக்கொண்டு, பொருளைத் தொண்டிப் புத்தகத்தில் பதிந்து பின் அறைக்கு அனுப்பிவிட்டார். கைப்பற்றிய சாமானை எங்கள் ஸ்டேஷனில் தொண்டி என்பார்கள். கேஸ் முடியும்வரை அது அப்படியே இருக்கவேண்டும். அப்படியே!

அடுத்து என் வாக்குமூலம். "ஐஸ் எதுக்கு என்று முதலிலிருந்து சொல்" என்றார்கள். சொன்னேன். ஐஸ் ஹாக்கிக் குழு ஒன்றின் வரலாறு முழுவதும் மலையாளத்தில் போலீஸ் வாக்குமூலமாக எழுதப்பட்டது உலகத்திலேயே எங்கள் ஸ்டேஷனில்தான். முதலில் ஏட்டு கொட்டாவி விட்டார். கூரை போட்ட இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரிய போட்டியில் இரண்டு பக்கமும் சமமாக நின்று, கடைசி நிமிஷத்தில் கோல்காவலன் காலுக்கு நடுவே வில்லை வழுக்கிப்போன இடத்தில், "அய்யோ!" என்று எழுதுவதை நிறுத்திவிட்டார்.

குழுவை விற்ற கட்டம் வந்தது. யாரோடும் சம்பந்தமில்லாத ஞானாபரணம் பெஞ்சில் நகர்ந்து வந்தார்.

"வித்தாரே, ஆதாரம் ரெஜிஸ்டர் பண்ணினாரா? பேரும் சட்டைக்க நிறமும் சேத்தா வித்தாரு, தனித்தனியாவா?"

"அதைப் புத்தகத்தில் எழுதலை."

"அப்பம் அது வில்லங்கமாக்கும்" என்றார்.

எல்லை தாண்டிய கட்டத்தில் ஏட்டின் கண் சுருங்கியது. "அதிர்த்தி கடந்நோ? ஆருடெ அனுவாதத்தோடே?"

யார் அனுமதி கொடுத்தார்கள் என்று அதற்கும் விளக்கம் சொல்லி வாக்குமூலத்தை முடிக்க இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் பின் அறையில் சாக்கு தட்டையாகிவிட்டது. புத்திசாலியான ஒருவர் அடியில் வாளி வைத்திருந்தார். காவலுக்கு நின்றவருக்கு வெயிலில் தாகம். வாளியில் நல்ல குளிர்ந்த தண்ணீர். மரத்தூளை ஊதி ஒதுக்கிவிட்டுக் குடித்துவிட்டார்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வருவார், வந்து நில் என்று சொல்லி என்னை அனுப்பினார்கள். மறுநாள் ஞாயிறு, காரக்கோணம் கோயிலில் இரண்டாவது அறிவிப்பு வாசிக்கப்படவில்லை. பெண்ணின் அப்பா போதகரிடம் இந்த வாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். டேனியல் சைக்கிளில் வந்து சொன்னான். அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. அந்தப் புத்தகத்தை அடுப்பில் போடலாமா என்றுகூட யோசித்தேன், ஆனால் அது தொண்டியில் இருந்தது.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் மஹஸரைப் படித்தார். மூன்று அளவு, இரண்டு அடித்தல், இரண்டு கையெழுத்து.

"தொண்டி எவிடெ?"

ஏட்டு ஈரச் சாக்கைத் தூக்கிக் காட்டினார். இன்ஸ்பெக்டர் அதை உதறச் சொன்னார். மரத்தூள் பறந்தது. ஏட்டு தொண்டியை விற்றுவிட்டார் என்று இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம். நான் ஏதோ மாயம் செய்தேன் என்று ஏட்டுக்குச் சந்தேகம். டீக்கடைக்காரர், தான் கண்டது ஈரச் சாக்கு மட்டும் என்று கழன்றுகொண்டார். மீந்தவர் ஞானாபரணம்.

"நீங்கள் கோர்ட்டில் ஏறி இந்த மூன்று அளவில் எது சரி என்று சொல்லவேண்டிவரும்" என்றார் இன்ஸ்பெக்டர் மலையாளத்தில்.

ஞானாபரணத்தின் முகத்தில் வியர்வை. அளவு தப்பாக எழுதுகிறவர் என்று நெய்யாற்றின்கரை கோர்ட்டில் பேர் வந்தால், பிறகு எந்த மடையன் அவரிடம் ஆதாரம் எழுத வருவான்? குடையைச் சுவரில் சாய்த்துவைத்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாள் கேட்டார். நின்றபடியே எழுதினார். எழுதியதைத் தானே இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு நீட்டினார். நான் எட்டிப் பார்த்தேன்.

'பிழை திருத்தல். மேற்படி மஹஸரில் "ஒரு சம்பந்தமும் இல்லை" என்று கண்டிருப்பதை "என் மகள் ஹெப்சியை விவாகம் செய்ய நிச்சயித்திருக்கும் மருமகன்" என்று திருத்தி வாசிக்கவும்.'

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்ஸ்பெக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். குற்றம் சாட்டப்பட்டவனுக்கு மாமனாரே மஹஸர் சாட்சி என்றால் எந்தக் கோர்ட்டில் அந்தக் கேஸ் நிற்கும்? புத்தகத்தையும் மட்டையையும் வில்லையையும் என்னிடம் கொடுத்து விரட்டிவிட்டார்.

வெளியே வந்ததும் நான் அவர் கையைப் பிடித்து, "மாமா..." என்றேன்.

"அது கேசுக்குச் சொன்னதாக்கும்" என்றார் அவர், குடையை விரித்தபடி. "கலியாணத்துக்கு இன்னும் யோசிக்கணும்."

யோசிக்க அவருக்கு வழி இருக்கவில்லை. சனிக்கிழமை அந்நியன், திங்கட்கிழமை மருமகன் என்றால் இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் வராதா? அடுத்த ஞாயிறு காரக்கோணம் கோயிலின் கடைசிப் பெஞ்சில் ஒரு போலீஸ்காரர் வந்து உட்கார்ந்து, அறிவிப்பு வாசிக்கிறார்களா என்று காதால் கேட்டுவிட்டுப் போனார். அதற்கு அடுத்த ஞாயிறும் வந்தார். கலியாணத்தன்றும் வந்தார், மோதிரம் போடும்வரை அசையவில்லை. ஞானாபரணம் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், விவாகப் பதிவேட்டில் சாட்சியாகக் கையெழுத்துப் போடவைத்தார். "எழுத்தில இருக்கட்டும். பிறகு ஆரும் மாத்திச் சொல்லப்பிடாது" என்றார்.

அந்தத் திருத்தல் யாருடைய யோசனை என்று பிறகுதான் தெரிந்தது. அறிவிப்பு நின்ற ஞாயிற்றுக்கிழமை ஹெப்சி தன் அப்பாவுக்குச் சோறு பரிமாறிவிட்டு, "அப்பா, நீங்க ஸ்டேஷன்ல எழுதவச்ச காயிதத்தில ஒரு பிழை உண்டு. வேற ஆளு எழுதினா திருத்தச் சொல்லுவிய. நீங்க எழுதினா விட்டுருவியளா?" என்று கேட்டாளாம். அவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினாராம். பார்க்காத ஐஸையும் தெரியாத ஹாக்கியையும் நம்பி, என்னையும் நம்பிய ஒரே ஆள் அவள்தான். அந்த நன்றி எனக்கு இன்றுவரை குறையவில்லை.

பிறகு எல்லையும் போட்டார்கள். எங்கள் ஊர்கள் மலையாளப் பக்கமே நின்றுவிட்டன. சண்டை மட்டும் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. நான் என்றாவது குரலை உயர்த்தினால் ஹெப்சி பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நீதிபதியைப்போலத் தீர்ப்புச் சொல்லுவாள்:

"ஒரு சம்பந்தமும் இல்லேன்னு எங்க அப்பா மொதல்ல எழுதவச்சதுதான் செரி. பிறகு திருத்தினதாக்கும் பிழை."