என் சி டிரைவில் கிடந்தவர்

கம்ப்யூட்டரில் இடம் இல்லை என்றால் வீட்டுக்குள் ஒரு திருடன் இருக்கிறான் என்று அர்த்தம். இதுதான் அப்போது என் கொள்கை. சொந்தச் சம்பளத்தில் வாங்கி, நாவலப்பிட்டியில் சொந்த வீட்டில் வைத்திருக்கும் கம்ப்யூட்டர், ஒரு பக்கக் கடிதத்தைச் சேமிக்கக்கூட இடமில்லை என்று கைவிரித்தால் யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது? அதுவும் வெறும் இலிகிதராக, அதாவது கிளார்க்காக, இருந்த நான் அப்போதுதான் பிரதம இலிகிதராகப் பதவி உயர்வு பெற்றிருந்தேன். (அலுவலகத்தில் அதற்கென்று தனி மேசை தந்தார்கள். வீட்டில் அதே கால் ஆடும் கதிரைதான்.)

விசாரணையைத் தொடங்கினேன். "நான் நாடகமெல்லாம் போன்லதான் பார்க்கிறேன். அந்தப் பொட்டியத் தொடுறதே தூசி தட்டத்தான்" என்றாள் மனைவி செலின். மகள் மாதா மேல் சத்தியம் செய்தாள். நானே சி டிரைவைக் கிளறினேன். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று என்று இறங்கிப் போனால், அடியில் பூதம் பூதமாகச் சில ஃபைல்கள். பெயருக்குப் பதில் வெறும் இலக்கங்கள். எதைத் தட்டினாலும் திறக்கவில்லை.

செலினின் தம்பி ஜூட்டைக் கேட்டேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பேனர் அச்சடிக்கும் கடையில் டிசைன் போடுகிறவன். நான் வேலைக்குப் போன பிறகு வந்து என் கம்ப்யூட்டரில் 'கொஞ்சம் பழகுகிறவன்'.

"அது விண்டோஸ் ஃபைல் மச்சான். தொட்டீங்கன்னா கம்ப்யூட்டர் செத்துரும்" என்றான்.

பிரதம இலிகிதரிடம் இந்தக் கதை எடுபடுமா? (கொஞ்ச நாள் எடுபட்டது.) ஒரு சனிக்கிழமை, செலின், மகள், ஜூட் மூவரும் பன்விலையில் ஒரு ஞானஸ்நான வீட்டுக்குப் போயிருந்தார்கள். நான் ஒரு ஃபைலை பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஜூட் வேலை செய்யும் கடைக்கே போனேன். எனக்குத் தெரிந்து பெரிய கம்ப்யூட்டர் அங்கேதான் இருந்தது.

கடையிலிருந்த பெண் அதைத் திறந்தாள். திரையில் இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு புறா, நடுவில் நான். மேலே 'கண்ணீர் அஞ்சலி'.

"ஜூட் அண்ணன் போட்ட சாம்பிள் சார்" என்றாள். "நெசமா செத்தவங்க படத்தக் காட்டுனா வீட்டாளுங்க சண்டைக்கு வருவாங்க. அதான் சிரிக்காத மொகமா ஒண்ணு தேடிப் போட்டாரு." பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். "உங்க அண்ணனா சார்?"

"நான்தான்."

"ஓ" என்று மரியாதையாக எழுந்து நின்றாள்.

என்னைக் கொன்றதைக்கூட மன்னித்திருப்பேன். படத்துக்குக் கீழே என்ன எழுதியிருந்தான் தெரியுமா? 'அமரர் சேவியர், இலிகிதர்'. வெறும் இலிகிதர்! என் வீட்டுச் சோற்றைத் தின்று, என் மின்சாரத்தில், என் பதவியைப் பறித்திருக்கிறான்.

"பிரதம இலிகிதர்னு போடும்மா" என்றேன்.

தன் அப்பாவின் முப்பத்தோராம் நாள் பேனருக்காகக் காத்திருந்த ஒரு தோட்டத்துக்காரர், "ஆமாங்க, பதவிய விட்டுறக் கூடாது" என்று எனக்காகப் பரிந்து பேசினார்.

அவள் திருத்தினாள். "ஜூட் அண்ணனோட அக்கா வீடுதானே சார்? இப்ப சரியா?"

"இப்பத்தான் சரி" என்றேன். ஃபைலை அழிக்க வந்தவன், திருத்திக்கொடுத்துவிட்டு வெளியேறினேன். சரி என்று சொன்னால் உடனே அச்சடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் பாட்டுக்கு இன்னொரு ஹார்ட் டிஸ்க் விலை விசாரிக்கக் கண்டிக்கு பஸ் ஏறிவிட்டேன்.

மாலையில் திரும்பினால் எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முழுக்க வெள்ளைக் கொடி. யாரோ போய்விட்டார்கள் என்று முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டேன். (ஜூட்டின் கணிப்புப்படி அதற்குப் பெரிய முயற்சி தேவைப்படவில்லை.) வீட்டு வாசலில் பிளாஸ்டிக் கதிரைகள், அக்கம்பக்கத்து ஆட்கள். கேட்டில், ஆறடி உயரத்தில் நான். த்ரீவீலில் கொண்டுவந்தவன், வீடு பூட்டியிருந்ததால் தானே கட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

எதிர்வீட்டுப் பெரியசாமிதான் கொடி கட்டியவர். என்னைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார், மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தார்.

"வீடு பூட்டிக் கெடக்கு. பாடி கண்டி ஆஸ்பத்திரியிலதான் இருக்கும்னு பேசிக்கிட்டிருந்தோம்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நீங்க பிரதம இலிகிதரா? சொல்லவே இல்லையே" என்றார்.

எத்தனை தடவை சொல்லியிருப்பேன் இந்த மனிதரிடம்!

அதற்குள் யாரோ பன்விலைக்குப் போன் போட்டிருந்தார்கள். இருட்டும் நேரத்தில் வேன் வந்து நின்றது. செலின் அழுது வீங்கிய முகத்தோடு இறங்கினாள். நான் முன்னால் போய் நின்றேன். "நான் இருக்கேன்" என்றேன். ஓடிவந்து என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியை விடாமலே மற்றக் கையிலிருந்த கைப்பையால் முதுகில் நாலு போட்டாள். ஜூட் வேனை விட்டே இறங்கவில்லை.

இன்றைக்கும் வீட்டுக் கம்ப்யூட்டரில் இடம் குறைந்தால், "அப்பா, கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்கிறாள் மகள். பேனரை மட்டும் செலின் வீணாக்கவில்லை. மழைக்கு நனையாது என்று விறகை மூடக் கேட்டாள்; கொடுத்தேன். அளவு பார்த்துக் கத்தரிக்கோல் போட்டவள் எங்கே போட்டாள் தெரியுமா? 'பிரதம' கோழிக்கூட்டுக் கூரைக்குப் போய்விட்டது. விறகின் மேல் நான் இன்னமும் வெறும் இலிகிதர்தான்.