மேயருக்கு வந்த கண்டம்

"இனிமே இதுங்களுக்குத் தாயும் நான்தான், தகப்பனும் நான்தான்!" என்று செனோபியோ மார்தட்டினான். குஸ்கோ நகரச் சந்தையிலிருந்து கூடையில் கொண்டுவந்த, முயல்குட்டி அளவேயான நாலு கினிப்பன்றிகளை அடுப்படியில் இறக்கிவிட்ட கையோடு சொன்னது. அவன் மனைவி ஹசிந்தா உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை.

"புல்லு யாரு அறுக்கறது?"

"நான்தான்."

"காலங்காத்தால? உறைபனியில?"

"இடியே விழுந்தாலும் நான்தான்!"

"சரி, கேட்டுக்கிட்டேன்."

அந்தக் குரலைக் கேட்டபோதே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

நாலில் ஒன்று முழுக் கருப்பு. நாளெல்லாம் தின்னும், தின்றுகொண்டே கத்தும், யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. அதனால் செனோபியோ அதற்கு மேயர் என்று பெயர் வைத்தான். திருவிழாவுக்கு வறுக்கப் போகிற பிராணிக்கு யாராவது பெயர் வைப்பார்களா? ஊரே சிரித்தது. அவனோ மேயரைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு கதை பேசினான், கொழுந்து இலையாகப் பார்த்து ஊட்டினான். பெற்ற பிள்ளையிடம்கூட அவன் அப்படிக் குழைந்ததில்லை.

பாசம் இருந்தது. குனிந்து புல் அறுக்கத்தான் உடம்பு வணங்கவில்லை. குதிரைமசால் என்கிற தீவனப் புல் விளையும் வயல் ஓடைக்கு அந்தப் பக்கம், செங்குத்தான மேட்டில். அறுத்து வந்த புல்லை அப்படியே போடவும் கூடாது, ஈரம் பட்டால் வயிறு ஊதிவிடும். உதறி, விரித்து, வாட வைத்து, அப்புறம்தான் துரைமார்களுக்குச் சாப்பாடு. ஒரு வாரம் தாக்குப்பிடித்தான். பிறகு ஒரு காலை, கம்பளிக்குள்ளிருந்து முனகல் கேட்டது.

"ஐயோ... இடுப்பு போச்சே!"

ஹசிந்தா எட்டிப் பார்த்தாள். "எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும்!"

"நேத்து ராத்திரி ஊர்ப் பந்தலில அப்படி ஆடுனீங்களே?"

"அதுதான் பிடிச்சிக்கிச்சு. இன்னிக்கு ஒரு நாள் நீயே போய்ப் புல்லு அறுத்துட்டு வந்துடேன்."

அவள் சண்டை போடவில்லை. "பாவம், ரொம்ப வலிக்குதோ?" என்று கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டு வெளியே போனாள். பாச்சா பலித்துவிட்டது என்று செனோபியோ உள்ளுக்குள் சிரித்தான்.

திரும்பி வந்தவள் கையில் புல் இல்லை. பின்னாலேயே வைத்தியக்காரி சதுர்னினா வந்தாள்.

"எங்கேம்மா நோயாளி? கருப்புக் கினிப்பன்றி இருக்கா?"

செனோபியோ கம்பளிக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டினான். சதுர்னினாவின் வைத்தியம் அவனுக்குத் தெரியாததா? கருப்புக் கினிப்பன்றியை உடம்பு முழுக்கத் தேய்ப்பாள். பிறகு அதை அறுத்துப் பார்ப்பாள். நோயாளிக்கு எங்கே கோளாறோ, அதற்கும் அங்கேதான் கோளாறு தெரியும்.

"அக்கா, சின்ன வலிதான். அந்த வெள்ளை போதுமே!"

"வெள்ளைல ஒண்ணும் தெரியாது தம்பி. கருப்புதான்."

"பழுப்பு?"

"நான் என்ன துணியா எடுக்க வந்திருக்கேன், கலர் கலரா காட்டறே? திரும்பிப் படு!"

ஹசிந்தா மேயரைத் தூக்கிக் கொடுத்தாள். சதுர்னினா அவன் முதுகு, இடுப்பு, தொடை என்று தேய்த்துக்கொண்டே போனாள். மேயர் வீடே அதிரக் கத்தியது. கத்திக் களைத்து, அவன் இடுப்பிலேயே சூடாக மூத்திரம் பெய்தது.

"ஆகா! நோய் மொத்தமும் இதுக்குள்ள இறங்கிடுச்சு. ஹசிந்தா, கத்தி!"

"இதோ, தீட்டியே வச்சிருக்கேன்க்கா."

"வேணாம்!" செனோபியோ கட்டிலிலிருந்து ஒரே பாய்ச்சலில் குதித்து மேயரைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டான். "எனக்கு வலியே இல்ல! பாரு, குனியறேன்! பாரு, நிமிர்றேன்! உங்க கைராசி அக்கா, அறுக்கறதுக்கு முன்னாடியே சரியாயிடுச்சு!"

குனிந்தான், நிமிர்ந்தான், ஆடியும் காட்டினான். சதுர்னினா கூலிக்கு ஒரு மடி உருளைக்கிழங்கை அள்ளிக்கொண்டு, சால்வை நுனியால் வாயை மூடிச் சிரித்தபடி நடையைக் கட்டினாள். ஹசிந்தா கதிர் அரிவாளை எடுத்து நீட்டினாள்.

அன்று அவன் இரண்டு கட்டுப் புல் அறுத்தான். வாட வைத்து, நாலுக்கும் போட்டு, மேயருக்கு மட்டும் தனியாக ஊட்டினான். ஆனாலும் மனசு ஆறவில்லை. இத்தனை நாள் குடித்தனம் நடத்தியவளுக்கு இவ்வளவு கல்நெஞ்சா? நேரே போய்க் கேட்டான்.

"நான் மட்டும் எழுந்திருக்கலைன்னா, நிஜமாவே மேயரை அறுத்திருப்பியா?"

ஹசிந்தா மேயரை வாங்கி மடியில் வைத்துக் கொஞ்சினாள்.

"உங்களுக்கென்ன பைத்தியமா? இந்த வீட்டுல உங்களைப் படுக்கையிலேர்ந்து எழுப்பத் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தானே!"