டிராகனோடு பேசிய தலைத்தீபாவளி

தத்துவம் படித்தவனிடம் ‘உங்களுக்கு எது வேண்டும்?’ என்று மட்டும் கேட்கவே கூடாது. டீயா காபியா என்று கேட்டால்கூட, வேண்டுதல் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிப்பான். நான் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் தத்துவம் சொல்லிக் கொடுக்கிறேன். என் வகுப்பில் மொத்தம் ஆறு பேர். அதில் நாலு பேர் வேறு பாடம் கிடைக்காமல் வந்தவர்கள். அதனால் யாராவது தானாக வந்து என்னிடம் கருத்துக் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. இந்த வியாதியால் என் மைத்துனனின் எதிர்காலத்தையே ஒரு மத்தியானத்தில் கவிழ்த்தேன்.

எனக்கு அது தலைத்தீபாவளி. ஆலங்குடியில் மாமனார் வீடு. அவருக்கு முந்திரிப் பருப்பு வியாபாரம். வீட்டுக்குப் பின்னாலேயே முந்திரி உடைக்கிற கொட்டகை. என் மனைவி வாணியின் தம்பி கதிர் அப்போதுதான் டிகிரி முடித்திருந்தான். கம்ப்யூட்டர் கேம் உருவாக்குகிற படிப்புக்குச் சென்னை போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். மாமனார் ஒரு முடிவு சொல்லியிருந்தார். அவன் ஆடுகிற ஆன்லைன் போட்டியில் ஜெயித்துக் காட்டினால் சென்னை. தோற்றால் மறுபேச்சில்லாமல் கொட்டகை. இறுதிப் போட்டி தீபாவளியன்று மத்தியானம். இதை வாணி பஸ்ஸில் என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். “நீங்க பாட்டுக்கு அங்க போயி எதையாச்சும் பேசி வைக்காதீங்க” என்று மூன்றாவது தடவையும் எச்சரித்தாள். அப்படி என்ன பேசிவிடப் போகிறேன் என்று அவளைக் கோபித்துக்கொண்டேன்.

விதி, கதிரின் கூட்டாளி ஒருவனுக்குப் பொன்னுக்குவீங்கி ரூபத்தில் வந்தது. அவன் காய்ச்சலில் படுத்துவிட, ஐந்து பேர் ஆட வேண்டிய ஆட்டத்தில் ஓர் ஆள் குறைந்தது. எண்ணெய்க் குளியல் முடித்து, இட்லியும் கறிக்குழம்பும் உள்ளே தள்ளிவிட்டு, புது வேட்டியில் சாய்ந்திருந்த என்னிடம் கதிர் வந்து நெளிந்தான்.

“மச்சான், ஒங்களுக்குச் சிரமம் இல்லேன்னா ஒரு ஆளா வந்து உக்காருறீங்களா? வைத்தியர் வேசம்தான். யாருக்காச்சும் அடிபட்டா பச்சை பட்டனை அமுக்குனாப் போதும்.”

அமுக்கியிருக்கலாம். ஆனால் நான், “மொத்தம் எத்தனை வேஷம் இருக்கு?” என்று கேட்டேன்.

ஐந்து இருந்தன. ஒரு தத்துவவாதிக்குப் பொருத்தமானது எது என்று விளக்க ஆரம்பித்தேன். (போட்டிக்கு இருபது நிமிஷம் இருந்தது. பதினெட்டை நான் எடுத்துக்கொண்டேன்.) வாள்வீரன் கூடாது; தத்துவவாதி வெட்டுவதற்கு முன்னால் ஏன் என்று கேட்பவன். வில்லாளி எட்டத்தில் நின்று எய்துவிட்டு ஒளிந்துகொள்கிறவன். அது எங்கள் துறைத் தலைவருக்குத்தான் சரி. திருடன் உண்மையில் ரொம்பப் பொருத்தம், நாங்கள் எல்லாருமே முன்னோர் சொன்னதை எடுத்துப் பிழைப்பவர்கள்தாம். ஆனாலும் மாமனார் வீட்டில் முதல் தீபாவளிக்கே திருடனாவது நன்றாக இருக்காது. வைத்தியர் புண்ணை ஆற்றுகிறார். தத்துவவாதியின் வேலை புண் இருக்கிறது என்று காட்டுவது. மிச்சம் இருந்தது மந்திரவாதி. மிருகங்களின் பாஷை தெரிந்தவனாம். “இதுதான் நான்” என்றேன்.

கதிரின் முகம் செத்துவிட்டது. அந்த மந்திரவாதி அவன் நாலு வருஷமாக ஆடிப் பழக்கி வளர்த்த ஆள் என்பது எனக்குத் தெரியாது. வாணிக்குத் தெரியும். முறுக்குத் தட்டோடு வந்தவள் என் தோளில் நறுக்கென்று கிள்ளினாள். நான் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.

புது மாப்பிள்ளையிடம் எங்கள் பக்கத்தில் யாரும் ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார்கள். தலைத்தீபாவளி அன்று மாப்பிள்ளை கிணற்றைக் கேட்டாலும் “கயிறோட தரவா, கயிறு இல்லாமத் தரவா” என்றுதான் கேட்பார்கள். “எடுத்துக்கங்க மச்சான்” என்று கதிர் தன் ஆளை எனக்குக் கொடுத்துவிட்டுத் தான் வைத்தியரானான்.

ஹெட்போனை மாட்டியதும் காதில் மற்ற மூவரின் குரல் இடித்தது. “டேய் எருமை, அங்கிட்டு என்னடா புடுங்குற, இங்கிட்டு வாடா!”

“டேய், டேய்!” என்று கதிர் பதறினான். “எங்க மச்சான் உள்ள வந்திருக்காங்கடா. தலைத்தீபாவளிக்கு வந்திருக்காங்க. மரியாதையாப் பேசுங்கடா.”

அந்தப் பக்கம் குரலே மாறிவிட்டது. பிறகு ஒவ்வொருவராக, “வணக்கம்ண்ணே”, “தீபாவளி வாழ்த்துக்கள்ண்ணே”, “சாப்பிட்டீங்களாண்ணே?”

ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது என்று இப்போது புரிகிறது. ‘குனிடா’ என்றால் ஒரு நொடி. ஆனால் என் காதில் வந்தது இது: “அண்ணே, தப்பா நெனைச்சுக்கலேன்னா, ஒங்க எடது கைப் பக்கமா ஒரு பூதம் வருதுங்க, கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா?” இந்த வாக்கியம் முற்றுப்பெறுவதற்குள் பூதம் என்னை இரண்டு தடவை மிதித்துவிட்டுப் போயிருந்தது. ஒவ்வொரு தடவையும் கதிர் ஓடிவந்து எனக்கு மருந்து வைத்தான். மற்றவர்களுக்கு மருந்து மிஞ்சவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் எப்படியோ தட்டுத்தடுமாறிக் கடைசிக் குகைக்கு வந்துவிட்டோம். டிராகன் எழுந்தது; அதைக் கொன்றால் ஜெயம். என் திரையில் மட்டும் இரண்டு பட்டன்கள் வந்தன: தாக்கு, பேசு. அந்தக் குகையில் அதுவரை எவனும் ‘பேசு’வை அமுக்கியிருக்க மாட்டான். நான் அமுக்கினேன்.

டிராகன் ஆங்கிலத்தில் கேட்டது: “என்னை ஏன் கொல்ல வந்தாய்?”

அடடா! ஏழு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், ஒரு மாணவன் என்னைத் திருப்பி ஒரு கேள்வி கேட்டதில்லை. பதில் பட்டன்கள் வந்தன. ஒன்றை அமுக்கினேன். அது மறுத்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். புதையல் காப்பவனுக்குச் சொந்தமா, எடுப்பவனுக்குச் சொந்தமா என்று கேட்டது. நியாயமான கேள்விதானே? அது பேசிக்கொண்டே வாலால் என் அணியை வெளுத்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

“அண்ணே, நான் செத்துட்டேங்க” என்றது ஒரு குரல். சற்று நேரத்தில் இன்னொன்று, “நானும் வாரேண்ணே.” கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கதிரே சொன்னான்: “மச்சான், நானும் போயிட்டேங்க. பரவாயில்லை, நீங்க பேசி முடிங்க.”

பேசி முடித்தேன். டிராகன் என் பதிலில் திருப்தியில்லை என்று சொல்லி என்னை எரித்துவிட்டது.

வாசற்படியில் மாமனார் நின்றிருந்தார். “முடிஞ்சிருச்சுல்ல? நாளைக்குக் காலையில கொட்டகைக்கு வந்துரு” என்றார். “சரிங்கப்பா” என்றான் கதிர். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் எழுந்து எனக்குக் கை கழுவத் தண்ணீர் எடுத்துவரப் போனான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமனாரிடம் போனேன். தப்பு என்னுடையது, தண்டனை அவனுக்கு என்பது எந்த நீதி என்று கால் மணிநேரம் வாதாடினேன். கல்லூரியில்கூட அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்க சொல்றது ஒன்னும் வெளங்கலைங்க மாப்ள. வாங்க, எலை போட்டாச்சு” என்றார்.

நான் உட்காரவில்லை. இந்த மாப்பிள்ளை முறுக்கு இருக்கிறதே, அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று பட்டிமன்றத்திலேயே பேசியவன் நான். அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். வீடே ஆடிப்போயிற்று. தலைத்தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை கை நனைக்காமல் போனால் மாமனார் ஊருக்குள் தலைகாட்ட முடியுமா?

“மோதிரம் லூசா இருக்குங்களா மாப்ள?” என்று அத்தை கலங்கினார். “பைக்கு கியிக்கு வேணும்னா சொல்லுங்க, பாப்போம்” என்றார் மாமனார்.

“கதிர் சென்னைக்குப் போனாத்தான் எலையில உக்காருவேன்” என்றேன், சுவரைப் பார்த்துக்கொண்டே.

மாமனார் வேர்த்த முகத்தைத் துண்டால் துடைத்தார். “இம்புட்டுத்தானா? போயித் தொலையட்டும். கொழம்பு ஆறுது, வாங்க.” கால் மணிநேரத் தத்துவம் அசைக்காததை நாலு நிமிஷ முறுக்கு அசைத்துவிட்டது. நான் படித்த படிப்புக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

சுற்றத்தில் இந்தக் கதை வேறு மாதிரி பரவிவிட்டது. ‘வீடியோ கேமில் தோத்ததுக்குக் கோவிச்சுக்கிட்டுச் சாப்பிட மாட்டேன்னு நின்ன மாப்பிள்ளை’ என்று எந்தக் கல்யாண வீட்டிலும் என்னை அடையாளம் காட்டுகிறார்கள். விளக்கம் சொல்லிப் பார்த்தேன். விளக்க விளக்க இன்னும் சிரிக்கிறார்கள்.

கதிர் படிப்பை முடித்து இப்போது பெங்களூரில் கேம் செய்கிறான். போன மாதம் தன் முதல் ஆட்டத்தை எனக்கு அனுப்பினான். அதில் மற்ற வேஷங்களோடு ‘மாப்பிள்ளை’ என்று ஒன்று இருக்கிறது. அவருக்கு ஆயுதம் கிடையாது, மந்திரம் தெரியாது, மருந்தும் வைக்க மாட்டார். ஆனால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் டிராகன் சண்டையை நிறுத்திவிட்டு வந்து என்ன வேண்டும் என்று கேட்கும். “என்னடா இது?” என்று போன் போட்டேன்.

“நீங்கதான் மச்சான்” என்றான். “எத்தனை பேரைக் கூட்டிட்டு வந்தாலும் எங்கப்பாவை அடிச்சு ஜெயிச்சிருக்க முடியாது. ஒங்களாலதான் முடிஞ்சுச்சு.”

உடனே அந்த மாப்பிள்ளை வேஷத்தை எடுத்துக்கொண்டு அவனோடும் அவன் பழைய கூட்டாளிகளோடும் ஆட உட்கார்ந்தேன். டிராகன் வந்து என்ன வேண்டும் என்று கேட்டது. நான் யோசித்தேன். டிராகன் நின்றாலும் குகையின் பூதங்கள் நிற்கவில்லை; நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நாலு பேரும் ஒருவர்பின் ஒருவராகச் செத்தார்கள். ஒருத்தன்கூட என்னைத் திட்டவில்லை.